‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்றால் எந்தத் தேதிக்குள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை – பாலக்காடு எல்லையில் விபத்து நடந்தால் மறுநாள் வரும் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரி முடிகிறது. பொதுமக்கள் மறியல் செய்தார்கள், அதிகாரிகள் பேச்சுவார்த்தை நடத்தினார்கள், நடவடிக்கை எடுப்பதாக உறுதி அளித்ததை அடுத்து எல்லோரும் கலைந்து சென்றார்கள். எம்.எல்.ஏ.வோ எம்.பி.யோ அமைச்சரோ வந்து ஆறுதல் சொன்னால் அதற்கு இன்னொரு பத்தி. என்ன நடவடிக்கை, எந்தச் சட்டப்பிரிவின்படி, எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு என்பது மட்டும் செய்தியில் இருக்காது.

வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழிகளில் கனரக வண்டி ஓட்டுகிறவர்களும், சாலைப் பராமரிப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். சாலைப் பாதுகாப்புச் சட்டங்களைப் பற்றிக் கேட்டால் அரசியல்வாதிகள் நழுவிப் போகும் வழிகள் நான்கைந்துதான். அவற்றை அடைக்கும் விதிகள் சட்டத்திலேயே இருக்கின்றன. கேட்கிற முறை தெரிந்தால் நழுவ இடம் இருக்காது என்பதற்காகவே விவரமாக எழுதுகிறோம்.

முதல் பதில், ‘அது எங்கள் கையில் இல்லை’. எல்லையில் இதைச் சொல்வது இன்னும் சுலபம். நெடுஞ்சாலை என்றால் மத்திய அரசு, போலீஸ் என்றால் மாநில அரசு, பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்தது என்றால் கேரளா, இந்தப் பக்கம் என்றால் தமிழ்நாடு. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையைப் பார்த்தால் இந்தப் பங்கீடு தெளிவாகவே இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை மத்தியப் பட்டியலில் 23ஆவது இனம். மற்ற சாலைகளும் பாலங்களும் மாநிலப் பட்டியலில் 13ஆவது இனம், காவல்துறை 2ஆவது இனம். மோட்டார் வாகனங்களோ பொதுப் பட்டியலில் 35ஆவது இனம். அதாவது இரண்டு அரசுக்கும் அதில் பொறுப்பு உண்டு. சேலத்திலிருந்து கோவை, பாலக்காடு வழியாக இடப்பள்ளி போகும் 544 எண் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். மீடியன், சர்வீஸ் ரோடு, அறிவிப்புப் பலகை, வெள்ளைக் கோடு எல்லாம் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் வேலை. அதே சாலையில் வேகத்தைப் பிடிப்பதும், ஓவர்லோடு லாரியை நிறுத்துவதும், குடித்து ஓட்டுகிறவரை ஊதச் சொல்வதும் மாநில அரசின் வேலை. ஆகவே மாநில அமைச்சரிடம் மீடியனைப் பற்றிக் கேட்டால் அவர் டெல்லியைக் காட்டுவார். வேகத்தைப் பற்றியும் எடையைப் பற்றியும் கேட்டால் காட்டுவதற்கு வேறு ஆள் கிடையாது. எம்.பி.யிடம் கேட்க வேண்டியது இதற்கு நேர்மாறு.

யாருடைய சாலை என்று தெரியாவிட்டால் கிலோமீட்டர் கல்லைப் பார்த்தால் போதும். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாக 2, 4, 6, 8 என்று சிறு கற்கள் இருக்கும். விபத்து நடந்த இடத்தை ‘பேக்கரி எதிரில்’ என்று எழுதாமல் இந்தக் கல் எண்ணோடு எழுதினால், எங்கள் எல்லைக்குள் வராது என்று எந்தப் பொறியாளரும் சொல்ல முடியாது. கேட்கப்போகும் அமைச்சருக்கும் சாக்கு இருக்காது.

சாலையின் வகையையே மாற்றித் தப்பிக்கப் பார்த்த காலமும் உண்டு. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15 அன்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த சில மாதங்களில் பல மாநிலங்கள் கடையை நகர்த்துவதற்குப் பதிலாக, ஊருக்குள் போகும் நெடுஞ்சாலைப் பகுதிகளை உள்ளாட்சிச் சாலையாக வகைமாற்றம் செய்யக் கிளம்பின. ஒரு சட்டத்தின் நோக்கம் தெரிந்தே அதைச் சுற்றிப் போன அரசுகள், ‘வாகன ஓட்டிகள் சட்டத்தை மதிக்க வேண்டும்’ என்று பலகை வைப்பதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

இரண்டாவது பதில், ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’. இதில்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. உயிரிழப்பு விபத்து என்றதும் போலீஸ் ஓட்டுநர் மீது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106 பிரிவுகளில் வழக்குப் போடுகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 304ஏதான் இவை. பல விபத்துகளில் ஓட்டுநர் மேல் தவறு இருப்பது உண்மைதான். நாங்களே ஓட்டுநர்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் ஒரே வளைவில், ஒரே சந்திப்பில் வேறு வேறு ஓட்டுநர்கள் ஒரே மாதிரி மோதுகிறார்கள் என்றால், எல்லோருக்கும் அந்த இடத்தில் மட்டும் கவனம் குறைந்ததாகச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் பிளாக் ஸ்பாட் என்ற கணக்கையே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2015இல் வகுத்தது. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்படுத்திய 5 விபத்துகள், அல்லது 10 உயிரிழப்புகள் நடந்திருந்தால் அது பிளாக் ஸ்பாட். அதாவது பத்துப் பேர் செத்த பிறகுதான் சில இடங்கள் பட்டியலில் ஏறுகின்றன. பட்டியலில் ஏறிய பிறகும் சரிசெய்யாவிட்டால் அதற்கு யார் பொறுப்பு?

இதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 198ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. சாலையை வடிவமைத்த, கட்டிய, பராமரிக்கும் அதிகார அமைப்போ ஒப்பந்ததாரரோ ஆலோசகரோ சுங்க உரிமம் பெற்றவரோ பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தொகை சிறியது, ஓர் உயிருக்கு ஒரு லட்சம் என்பது எந்த ஒப்பந்ததாரரையும் அசைக்காது. ஆனாலும் பிரிவின் உள்ளே நீதிமன்றம் கவனிக்க வேண்டியவை என்று சொல்லப்பட்டிருப்பதைப் படித்தால் அதன் பலம் புரியும். அந்தச் சாலையின் தன்மை என்ன, எப்படிப்பட்ட போக்குவரத்து அதில் வரும், என்ன தரத்தில் பராமரித்திருக்க வேண்டும், ஆபத்தான நிலையில் இருப்பது அந்த அமைப்புக்குத் தெரியுமா அல்லது தெரிந்திருக்க வேண்டுமா, விபத்துக்கு முன்பே சரிசெய்திருக்க முடியுமா, எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தார்களா. இதில் ‘தெரியுமா’ என்பதுதான் முக்கியம். எழுத்தில் புகார் போய்ச் சேர்ந்திருந்தால் ‘தெரியாது’ என்ற பதில் அன்றோடு செத்துவிடும்.

அதனால் மறியலில் செலவிடும் நேரத்தில் பாதியைப் புகார் எழுதுவதற்குச் செலவிடலாம் என்பது எங்கள் எண்ணம். மேலே சொன்ன கல் எண்ணை முதல் வரியில் எழுதுங்கள். குழி என்றால் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் டேப் வைத்துச் சென்டிமீட்டரில் அளந்து, டேப் தெரியும்படி படம் எடுங்கள். தார் ஓரத்துக்கும் மண் ஓரத்துக்கும் உள்ள இறக்கத்தைத் தனியாக அளக்க வேண்டும். எதிரே வரும் டிப்பருக்கு ஒதுங்கும் பைக் இந்த இறக்கத்தில் ஒரு சக்கரத்தை விட்டால், திரும்ப மேலே ஏற்ற முயலும்போதுதான் சறுக்கி டிப்பரின் பின் சக்கரத்தில் விழுகிறது. விபத்து அறிக்கையில் இது ‘பைக் நிலைதடுமாறியது’ என்று ஒரு வரியில் முடிந்துவிடும். வெள்ளைக் கோடு அழிந்திருந்தால், வளைவில் அம்புக்குறிப் பலகை இல்லாவிட்டால், மீடியன் முனையில் ரிஃப்ளெக்டர் போயிருந்தால், இரவில் லோ பீம் போட்டு அதே இடத்தைப் படம் எடுங்கள். பகலில் எடுத்த படம் எதையும் காட்டாது. ஓட்டலுக்கோ பெட்ரோல் பங்குக்கோ வசதியாக மீடியனை உடைத்து வழி விட்டிருந்தால் அதன் அகலத்தையும் எழுதுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் திட்ட இயக்குநருக்கும், தமிழ்நாட்டு மாநிலச் சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளருக்கும், கேரளப் பக்கம் என்றால் பொதுப்பணித் துறைச் செயற்பொறியாளருக்கும், ஒப்புகை கிடைக்கும் விதத்தில் தபாலில் அனுப்ப வேண்டும். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் என்ற முறையில் ஆட்சியருக்கு ஒரு நகல், தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு ஒரு நகல். எம்.எல்.ஏ.வுக்கு நகல் அனுப்புவது மரியாதைக்காக மட்டும் இல்லை. ‘என் கவனத்துக்கு வரவில்லை’ என்று பிறகு அவர் சொல்ல முடியாது என்பதற்காகவும்தான். அவசரமான ஆபத்தாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலைக்கு 1033க்குப் போன் செய்து புகார் எண்ணை வாங்கி, அதையும் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

பாலக்காடு – கோழிக்கோடு சாலையில் கல்லடிக்கோடு அருகே பனயம்பாடத்தில் 2024 டிசம்பர் 12 அன்று சிமென்ட் ஏற்றிவந்த லாரி கவிழ்ந்து, பள்ளி முடிந்து நடந்து போன நான்கு மாணவிகள் இறந்தார்கள். அந்த இடத்தின் ஆபத்து ஊருக்கே தெரிந்தது. கேரளப் போக்குவரத்து அமைச்சர் நேரில் வந்து, தானே வண்டி ஓட்டிப் பார்த்து, சாலை அமைப்பில் குறை இருக்கிறது என்றும் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதை நாங்கள் வரவேற்கிறோம்; பெரும்பாலான அமைச்சர்கள் அதைக்கூடச் சொல்வதில்லை. ஆனால் ஓர் அமைச்சர் வாயிலிருந்தே ‘சாலையில் குறை’ என்று வந்த பிறகு, அடுத்த கேள்வி 198ஏ பற்றியதாக இருந்திருக்க வேண்டும். இந்தப் பிரிவில் நம் மாவட்டத்தில் இதுவரை எத்தனை வழக்கு, யார் மீது, எந்த நீதிமன்றத்தில் என்று கோவையிலும் பாலக்காட்டிலும் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் இதைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். ‘நடவடிக்கை தொடர்பான கோப்பின் நகல்’, ‘கூட்டக் குறிப்பின் நகல்’, ‘பாதுகாப்புத் தணிக்கை அறிக்கையின் நகல்’ என்று ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும்.

கேரளத்தில் 2021இல் தொடங்கிய ஒரு வழக்கத்தை இங்கே பாராட்டியே ஆக வேண்டும். சாலை ஓரத்தில் ஒப்பந்ததாரர் பெயரையும், குறைபாடு வந்தால் அவரே சரிசெய்து தர வேண்டிய காலத்தையும், தொடர்பு எண்ணையும் பலகையில் எழுதி வைத்தார்கள். இப்படி ஒரு பலகை எல்லாச் சாலையிலும் வர வேண்டும்.

மூன்றாவது பதில், ‘மக்கள் மீது சுமை ஏற்ற மாட்டோம்’. 2019 செப்டம்பர் 1 முதல் புதிய அபராதங்கள் நடைமுறைக்கு வந்தன. ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய், குடித்து ஓட்டினால் முதல் முறைக்கு 10,000 ரூபாய். கேரளம் அந்த ஆண்டு அக்டோபரிலேயே ஹெல்மெட் அபராதத்தை 500 ஆகக் குறைத்தது. தமிழ்நாடு புதிய தொகைகளை அமலுக்குக் கொண்டுவந்தது 2022 அக்டோபரில். இடையில் மூன்று ஆண்டுகள். மோதிவிட்டு நிற்காமல் போகிறவருக்கு 10 ஆண்டு வரை சிறை என்ற பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவை, 2024 ஜனவரி லாரி வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, மத்திய அரசு நிறுத்தி வைத்துவிட்டு மற்ற சட்டத்தை மட்டும் ஜூலை 1 முதல் அமல்படுத்தியது. அந்தப் பிரிவு ஓட்டுநர்களுக்கு நியாயமானதா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. ஆனால் நிறுத்தி வைத்தால் எதுவரை, திருத்தினால் எப்படி என்று சொல்லாமல் விடுவது நிர்வாகம் இல்லை.

எல்லையில் மோதிவிட்டு ஓடுவது மற்ற இடங்களைவிட எளிது. பத்து நிமிடத்தில் அடுத்த மாநிலம். அப்படி அடையாளம் தெரியாத வண்டி மோதி இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் தரும் திட்டம் 2022 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் வண்டி அடையாளம் தெரியாவிட்டால் இந்தத் திட்டத்தைப் பற்றிப் போலீஸே எழுத்தில் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எத்தனை குடும்பத்துக்குச் சொன்னார்கள் என்பது எம்.எல்.ஏ. கேட்டு வாங்க வேண்டிய கணக்கு. நிவாரண நிதி அறிவிப்போடு அவர் வேலை முடிந்துவிடுவதில்லை.

கேமரா விஷயத்திலும் இப்படித்தான். கேரளத்தில் 726 கேமராக்கள் வைத்து 2023 ஜூன் 5 முதல் அபராதம் போடத் தொடங்கினார்கள். அவற்றில் 675 ஹெல்மெட், சீட் பெல்ட், செல்போன் போன்றவற்றுக்கு. வேகத்துக்கென்று இருந்தவை நிலையானவை நான்கு, வண்டியில் வைத்தவை நான்கு. நாட்டில் 2022இல் நடந்த சாலை மரணங்களில் 71 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம் என்று மத்திய அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அப்படியிருக்க வேகத்துக்கு ஏன் இவ்வளவு குறைவு என்பதுதான் கேரள சட்டசபையில் எழுந்திருக்க வேண்டிய கேள்வி. எழுந்ததெல்லாம் ஒப்பந்தம் பற்றிய சண்டை. ஒப்பந்தத்தைக் கேட்பது நியாயம்தான், அதோடு நின்றதுதான் குறை. தமிழ்நாட்டு வண்டிக்குக் கேரளத்திலும், கேரள வண்டிக்குத் தமிழ்நாட்டிலும் போடப்பட்ட இ-செலான்களில் (மின்னணு அபராத ரசீதுகளில்) எத்தனை கட்டப்படாமல் கிடக்கின்றன என்றும் கேட்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ, கேமராவில் பதிவான குற்றத்துக்கு 15 நாளுக்குள் அறிவிப்பு போக வேண்டும் என்கிறது. அதற்கு மேல் போனால் யாருக்கும் பயம் இருக்காது.

ஓவர்லோடு பற்றி எங்களுக்கு மிகவும் நெருக்கமாகத் தெரியும். கோவை, கிணத்துக்கடவு பக்கமிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் இந்த எல்லைச் சாலைகள் வழியாகத்தான் கேரளம் போகின்றன. பத்துச் சக்கர டிப்பருக்கு, 2018இல் எடை வரம்பை உயர்த்திய பிறகு, வண்டியும் சரக்கும் சேர்த்து 28.5 டன் வரை அனுமதி. அமைச்சரிடம் கேட்டால், நான்காவது பதிலாக ‘இத்தனை வழக்கு, இத்தனை கோடி அபராதம்’ என்று பதில் வரும். அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளவே கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆவது பிரிவு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் விதிக்கிறது. பத்து டன் அதிகம் என்றால் 40,000. அதோடு நிற்கவில்லை. அதிகப்படியான சரக்கை இறக்காமல் வண்டியை நகர்த்த விடக்கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. எடை போட மறுத்து நிற்காமல் போனால் 40,000. அபராதம் கட்டிவிட்டு அதே லோடுடன் எல்லை தாண்டிப் போனால், அந்தப் பணம் வண்டி வாடகையில் ஏறும், டிப்பர் அதே எடையோடு பள்ளிக்கூடத்தைக் கடக்கும். கேட்க வேண்டியது ஒன்றுதான்: எத்தனை வண்டியில் சரக்கை இறக்கினீர்கள், எந்த இடத்தில், இறக்கிய சரக்கை வைக்க இடம் இருக்கிறதா? பல இடங்களில் சரக்கை இறக்கி வைக்க இடமே கிடையாது. 114ஆவது பிரிவின்படி, போகிற வழியில் 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் எடைமேடைக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொல்லலாம். அப்படி எடைமேடையும் இறக்குமிடமும் எல்லையின் ஒவ்வொரு வழியிலும் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.

அதிக எடை பிரேக்கை மட்டும் பாதிப்பதில்லை, சாலையையும் உடைக்கிறது. ஓர் அச்சின் எடை கூடும்போது தார்ச்சாலையின் சேதம் ஏறத்தாழ அந்த விகிதத்தின் நான்காம் அடுக்காக, அதாவது அதே எண்ணை நான்கு முறை எழுதிப் பெருக்கிய அளவுக்குக் கூடும் என்பது சாலைப் பொறியாளர்களின் கணக்கு. நான்கு டயர் உள்ள ஓர் அச்சுக்கு 11.5 டன் வரை அனுமதி. அதில் 15 டன் வைத்தால் சேதம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஓவர்லோடைக் கண்டுகொள்ளாமல் விட்டு, பிறகு குழி மூட நிதி ஒதுக்கியதாக அறிவிப்பு வெளியிடுகிறார்கள்.

ஐந்தாவது வழி, மறியலுக்குப் பிறகு பரிசாகக் கிடைக்கும் வேகத்தடை. எம்.எல்.ஏ. போனில் சொல்ல, இரவோடு இரவாக ஜல்லியும் தாரும் கொட்டி மேடு போட்டுவிடுவார்கள். சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் 99 எண் விதித்தொகுப்பில் இதற்கு அளவு இருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், வளைவின் ஆரம் 17 மீட்டர். இந்த அளவில் இருந்தால் 25 கிலோமீட்டர் வேகத்தில் நோகாமல் கடக்கலாம். கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்து, 40 மீட்டர் முன்னால் பலகை வைக்க வேண்டும். நம் சாலைகளில் போடுவது ஒரு மீட்டர் அகலத்தில், அளவுக்கு மீறிய உயரத்தில், பெயின்ட் இல்லாமல். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, தடை கண்ணில் பட்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள் இரண்டரை விநாடியில் 55 மீட்டர் ஓடிவிடும். முழுதாக நிற்க 120 மீட்டர் வேண்டும். லோ பீமில் கறுப்புத் தாரின் மேல் கறுப்பு மேடு அவ்வளவு தூரத்தில் தெரியாது. பின்னால் உட்கார்ந்து வரும் பெண்கள் தூக்கி எறியப்பட்டுத் தலையில் அடிபடுவது இந்த மேடுகளில்தான். தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடையே கூடாது என்பது மத்திய அமைச்சகத்தின் நிலை. அங்கே தேவைப்படுவது நடைமேம்பாலமோ சுரங்கப்பாதையோ. அதற்கு நிலமும் நிதியும் காலமும் வேண்டும் என்பதால் ஒரு லோடு தாரில் காரியத்தை முடித்துவிடுகிறார்கள். வேகத்தடை போடச் சொன்னது யார், எந்தக் கோப்பில், எந்தப் பொறியாளர் அளவைச் சரிபார்த்தார் என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

2022 அக்டோபரில் வடக்கஞ்சேரி அருகே சுற்றுலாப் பேருந்து ஒன்று, கோவைக்கு வந்துகொண்டிருந்த கேரள அரசுப் பேருந்தின் பின்னால் மோதி, ஐந்து மாணவர்கள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். சுற்றுலாப் பேருந்தின் ஸ்பீடு கவர்னரில் கை வைத்திருந்ததும், வண்டி 97 கிலோமீட்டருக்கு மேல் ஓடியதும் தெரியவந்தது. கவர்னரின் வேலை 80இல் நிறுத்துவது. எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கும் நாளில் சீல் வைத்துக் காட்டிவிட்டு, வெளியே வந்ததும் சென்சார் ஒயரைக் கழற்றிவிடுவது பரவலாக நடக்கும் வேலை. பேருந்துகளுக்கு வெள்ளை வண்ணம்தான் அடிக்க வேண்டும் என்ற உத்தரவு அந்த நாட்களில் பெரிதாகப் பேசப்பட்டது. வண்ணம் தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும். ஒயரைச் சரிபார்க்க வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். சாலையில் திடீர்ச் சோதனை நடத்தி எத்தனை கவர்னரை ஓட விட்டுப் பார்த்தார்கள் என்பதை மாதாமாதம் வெளியிடச் சொல்ல வேண்டும்.

2022இல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகளில் 17,884 பேர் இறந்தார்கள். கேரளத்தில் 43,910 விபத்துகளில் 4,317 பேர். நூறு விபத்துக்குத் தமிழ்நாட்டில் 28 மரணம், கேரளத்தில் 10. சிறு விபத்துகளைப் பதிவு செய்யும் பழக்கம், சாலையின் அகலம், வேகம், மருத்துவமனை எவ்வளவு அருகில் என்று காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் இந்த இடைவெளிக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 2024க்குள் மரணங்களைப் பாதியாகக் குறைக்கும் இலக்கு எட்டப்படவில்லை, விபத்துகள் கூடவே செய்தன என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2024 டிசம்பரில் மக்களவையில் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகு அடுத்த இலக்கு என்ன, அதை எந்த மாதம் யார் சோதிப்பார்கள் என்பது கேட்டு வாங்க வேண்டியது.

சபைகளில் இதற்கு ஒரு கருவி ஏற்கெனவே இருக்கிறது. அமைச்சர் ‘பரிசீலனையில் உள்ளது’, ‘தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்’ என்று சொன்னால் அது உறுதிமொழியாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். மக்களவையின் அரசு உறுதிமொழிக் குழு அதை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றச் சொல்கிறது. தமிழகச் சட்டமன்றத்திலும் உறுதிமொழிக் குழு இருக்கிறது. சாலைப் பாதுகாப்பு பற்றிய உறுதிமொழிகளில் எத்தனை நிலுவையில் என்று அந்தக் குழுவில் இருக்கும் உறுப்பினர்களிடம் கேட்டால் மழுப்ப முடியாது. இன்னொன்று: கோவையைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த வழக்கில், மாநிலங்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 210டி பிரிவின்படி தங்கள் சாலைகளின் வடிவமைப்பு, கட்டுமான, பராமரிப்புத் தரத்துக்கும், 138(1ஏ) பிரிவின்படி நடந்து போகிறவர்களுக்கும் விதி வகுக்க வேண்டும் என்று 2025 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு மாதக் கெடு விதித்தது. இரண்டு மாநில அமைச்சர்களிடமும் கேட்க வேண்டியது: அந்த விதிகளின் அரசிதழ் எண் என்ன, தேதி என்ன?

ஆசிரியர் அவர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். விபத்துச் செய்தியில் ‘உறுதி அளித்தனர்’ என்று வரும் ஒவ்வொரு முறையும், உறுதி அளித்தவரின் பதவி, அவர் சொன்ன வேலை, சொன்ன தேதி மூன்றையும் அச்சிடுங்கள். தேதி சொல்ல மறுத்தால், மறுத்தார் என்றே அச்சிடுங்கள். மூன்று மாதம் கழித்து, அதே பக்கத்தில், அந்த இடத்தின் புதுப் படத்தோடு என்ன ஆனது என்று போடுங்கள். கோவைப் பதிப்பும் பாலக்காட்டுச் செய்தியாளரும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டால், எல்லையைக் காட்டித் தப்பிக்கும் வழியும் மூடிவிடும். தொடங்குவதற்கு வசதியான கேள்வி ஒன்றைத் தருகிறோம். ஆட்சியர் தலைமையிலான குழுவைத் தவிர, ஒவ்வொரு மாவட்டத்திலும் மக்களவை உறுப்பினர் தலைமையில் இன்னொரு சாலைப் பாதுகாப்புக் குழுவும் அமைக்கப்பட்டிருக்கிறது. ஆட்சியர் அதன் செயலர். கோவை, பொள்ளாச்சி, பாலக்காடு, ஆலத்தூர் ஆகிய நான்கு தொகுதி எம்.பி.க்களிடமும், அந்தக் குழு கடைசியாகக் கூடிய தேதியையும் கூட்டக் குறிப்பின் நகலையும் இந்த மாதமே கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கனரக வாகன ஓட்டுநர்கள், ஓய்வுபெற்ற சாலைப் பணியாளர்கள் சிலர்,
வேலந்தாவளம் – க.க.சாவடி வட்டாரம்